ஐயத்தைப் பாடிய முனிவர்

நான் வாழும் ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டல் நகர் என்றும் ஒரு பெயர் உண்டு. 1894இல் கன்னட அகராதி தந்த ஜெர்மானியப் பாதிரியாரின் பெயர் அது. அதைக் கேட்கும்போதெல்லாம், தமிழுக்குச் சதுரகராதி தந்த இத்தாலியர் ஒருவரே என் நெஞ்சில் எழுகிறார்.

1680இல் காஸ்திலியோனேயில் பிறந்த பெஸ்கி, முப்பது வயதளவில் இந்தியா வந்தார். தமிழ் கற்று வீரமாமுனிவர் ஆனார். 1714-15இல் சிறைப்பட்டு, மரண தண்டனையிலிருந்து மயிரிழையில் தப்பினார். 1726இல் 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியைப் பாடி முடித்தார்.

அக்காவியத் தலைவர் சூசையப்பர். மனைவி கருவுற்றிருக்கக் கண்டு அவர் உள்ளம் மயங்குகிறது. முனிவர் அம்மயக்கத்தை மறைத்தாரில்லை. ஐயம் தோன்ற ஒரு படலம், அது நீங்க ஒரு படலம் என விரித்தே பாடினார்! சாவின் வாயில்வரை சென்று மீண்டவர் ஐயத்தை எளிதாக எண்ணமாட்டார் என்பது என் கருத்து.

பின்னர் ஏரோதுக்கு அஞ்சிக் குழந்தையுடன் எகிப்துப் பயணம். எபிரேயர் அடிமைகளாய்ச் செங்கல் அறுத்த மண் அது. விடுதலை பெற்ற பின்னும் பாலைவனத்தில் நீரின்றித் தவித்தபோது, கடவுள் நம்மோடு இருக்கிறாரா என்று ஐயுற்றவர்கள் அவர்கள். மோசேக்குப்பின் அவர்களை நடத்திய யோசுவாவின் வெற்றிக்கும் இப்பயணத்தினிடையே ஒரு படலம் வருகிறது. முன்னோர் தப்பியோடிய நாட்டுக்கே தஞ்சம் தேடிப் போகும் குடும்பம்! சமய நூல்தானே என்று ஒதுக்கும் நண்பர்கள் இந்தப் பகுதியையேனும் படித்துப் பார்க்கட்டும்.

முனிவர் 1747இல், தமிழகத்துக்கு வெளியே, கேரளத்து அம்பழக்காட்டில் கண்மூடினார்.