அவையில் நடந்ததை ஊருக்குச் சொன்னவர்

சட்டம் இயற்றும் அவைக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஊர் அவரிடம் இரண்டு கடமைகளை எதிர்பார்க்கிறது. ஊருக்காக அவர் அங்கே பேச வேண்டும். அங்கே நடந்ததை ஊருக்குத் திரும்பிச் சொல்ல வேண்டும். முதற்கடமையைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவது கடமையோ, பெரும்பாலான நாடுகளில், கூட்டத்தொடர் முடியும் வேளையில் வெளியாகும் ஓர் அறிக்கையோடும் சில புகைப்படங்களோடும் நிறைவு பெற்றுவிடுகிறது. அவையில் நடப்பதை வெளியே சொல்வதே விதிமீறலாகக் கருதப்பட்ட காலத்தில், இந்த இரண்டாவது கடமையை ஏறத்தாழ 18 ஆண்டுகள் விடாமல் செய்தவர் ஆண்ட்ரூ மார்வெல்.

ஆங்கில இலக்கியம் பயின்றவர்கள் இவரைக் கவிஞராக அறிவார்கள். காலம் விரைந்து ஓடுவதைச் சொல்லிக் காதலியிடம் வாதாடும் இவருடைய கவிதை நம் கல்லூரிப் பாடத்திட்டங்களிலும் இடம்பெற்று வந்திருக்கிறது. ஆனால், அவர் வாழ்ந்த காலத்தில் அக்கவிதையை அறிந்தவர்கள் மிகச் சிலரே. அவருடைய கவிதைத் தொகுப்பு அச்சேறியது அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1681-இல்தான். சமகாலத்தவர்களுக்கு அவர் ஹல் நகரின் நாடாளுமன்ற உறுப்பினர்.

இங்கிலாந்தின் வடகிழக்கே, ஹம்பர் கழிமுகத்தில் அமைந்த துறைமுக நகரம் ஹல். மார்வெல் 1621 மார்ச் 31-ஆம் நாள் அதற்குக் கிழக்கே உள்ள வைன்ஸ்டெட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை மதகுரு. மகனுக்கு மூன்று வயதானபோது ஹல் நகரில் அவருக்குப் பணி கிடைத்துக் குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. உள்ளூர்ப் பள்ளிப் படிப்பை முடித்த மார்வெல், 12 வயதிலேயே கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரிக்குச் சென்றார். 1641-இல் ஹம்பர் ஆற்றைக் கடக்கையில் தந்தை மூழ்கி இறந்தார்.

அடுத்த ஆண்டில் அந்த ஊர் இங்கிலாந்து வரலாற்றில் தன் பெயரைப் பதித்துக்கொண்டது. 1642 ஏப்ரலில் மன்னர் முதலாம் சார்லஸ் படைக்கலக் கிடங்கைக் கைப்பற்ற ஹல் நகருக்கு வந்தபோது, கோட்டைக் கதவுகள் அவருக்குத் திறக்கப்படவில்லை. சில மாதங்களில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்தப் போரில் மார்வெல் பங்கேற்கவில்லை. ஐரோப்பிய நாடுகளில் பயணம் செய்துகொண்டிருந்தார். திரும்பி வந்தபின் தளபதி ஃபேர்ஃபேக்ஸின் மகளுக்கு ஆசிரியராகவும், 1657 முதல் குடியரசு ஆட்சியில் மில்டனோடு லத்தீன் செயலராகவும் பணியாற்றினார். 1659-இல் ஹல் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மன்னராட்சி மீண்டபிறகு 1660-இலும் 1661-இலும் அந்த ஊர் அவரையே தேர்ந்தெடுத்தது. 1661-இல் அமைந்த நாடாளுமன்றம் அவர் இறந்த பின்னும் கலைக்கப்படாமல் நீடித்தது என்பதால், அதற்குப் பின் அவர் தேர்தலைச் சந்திக்கவே இல்லை. அடுத்த தேர்தலுக்காக எழுதப்பட்ட கடிதங்கள் அல்ல அவருடையவை என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

அன்றைய ஏற்பாடு இன்றைய வாசகருக்குச் சற்று வியப்பளிக்கும். உறுப்பினருக்கு அரசு ஊதியம் கிடையாது. அவரை அனுப்பிய ஊரே, கூட்டத்தொடர் நடக்கும் நாள்களுக்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் தர வேண்டும். பல ஊர்கள் இதைக் கைவிட்டுவிட்டன. செல்வந்தர்களான உறுப்பினர்களும் கேட்பதில்லை. சொத்து அதிகமில்லாத மார்வெலுக்கு ஹல் தொடர்ந்து கொடுத்து வந்தது. அவ்வப்போது ஊரில் காய்ச்சிய ஏல் மதுவையும் பீப்பாயில் அனுப்பி வைத்தது. தனக்குச் சம்பளம் தருபவர் யார் என்று உறுப்பினருக்கும், சம்பளம் வாங்குபவர் என்ன செய்கிறார் என்று ஊருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்த ஏற்பாடு அது. அதற்குப் பின் வந்த ஏற்பாடுகள் எல்லாம் இதைவிட மேலானவை என்று சொல்லிவிட முடியாது.

லண்டனிலிருந்து ஹல் சாலை வழியே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று இரவுகளில் தபால் புறப்படும். கூட்டத்தொடர் நடக்கும் காலங்களில் இந்த இரவுகளில் மார்வெல் எழுத உட்கார்ந்துவிடுவார். மேயருக்கும் மூத்த நகர்மன்ற உறுப்பினர்களுக்கும் அவர் எழுதியவற்றில் 300-க்குச் சற்றுக் குறைவான கடிதங்கள் இன்று எஞ்சியிருக்கின்றன. எந்த மசோதா எந்த நிலையில் இருக்கிறது, எந்த வரி எவ்வளவு விதிக்கப்படவிருக்கிறது, பிரபுக்கள் அவை எதைத் திருப்பி அனுப்பியது, மன்னர் என்ன உரையாற்றினார் என்பனவே அவற்றின் பொருள். கூட்டத்தொடர் முடியும் நாளில் மன்னர் ஒப்புதல் அளித்த சட்டங்களை வரிசையாக எழுதுவார். அடுத்து அவை எப்போது கூடும் என்று தெரிவிப்பார். அதற்குள் ஊருக்கு ஆக வேண்டிய காரியம் ஏதேனும் இருந்தால் அறிவுறுத்தல் அனுப்புமாறு கேட்பார். அவை நாள்தோறும் நெடுநேரம் நீள்வதால் இரவில் எழுத நேரமும் இல்லை, உடலில் தெம்பும் இல்லை என்று ஓரிடத்தில் குறைபட்டுக்கொள்கிறார். ஆனாலும், கடிதம் போய்ச் சேர்ந்துவிடும்.

இக்கடிதங்களில் ஏறக்குறைய இல்லாத ஒருவர் உண்டென்றால், அவர் மார்வெல்தான். தாம் எழுந்து என்ன பேசினோம், எந்தக் குழுவில் எப்படி வாதாடினோம், யாரை மடக்கினோம் என்பவற்றை அவர் பெரும்பாலும் எழுதுவதில்லை. உண்மையில், அவர் அவையில் அதிகம் பேசியவரும் அல்லர். மில்டன் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது அவை அதிகாரி மிகையான கட்டணம் வசூலித்ததாக 1660 டிசம்பரில் முறையிட்டவர் அவர். 1677-இல் மன்னரின் வாரிசுகளுக்கு ஆயர்களின் மேற்பார்வையில் கல்வி தருவது பற்றிய மசோதாவை எதிர்த்துப் பேசியவரும் அவர். அந்த வாரத்திலேயே அவையில் நடந்துசெல்கையில் சக உறுப்பினர் ஒருவரின் கால் தடுக்கித் தடுமாறி, அந்தத் தடுமாற்றத்தில் அவருடைய கன்னத்தில் தம் கை பட்டு, அதற்காக அவைத் தலைவரின் கண்டனத்துக்கும் ஆளானார். வேடிக்கையாகச் செய்ததே என்று அவர் விளக்கியும், அவை அதை அத்தனை எளிதில் விடவில்லை. மொத்தத்தில், மேடைப் பேச்சால் பெயர் பெற்றவரல்லர். ஊர்க் காரியங்களில் அவருடைய உழைப்பு வேறு விதமானது. ஹல் நகரின் பெரிய தேவாலயத்தைத் தனிப் பங்காக ஆக்கும் சட்டம் 1661-இல் நிறைவேறப் பாடுபட்டார். ஸ்பர்ன் முனையில் தனியார் ஒருவர் கலங்கரை விளக்கம் அமைப்பது பற்றிய பிரச்னையில், ஹல் மாலுமிகளின் டிரினிடி ஹவுஸ் சார்பாக ஆண்டுக்கணக்கில் அலுவலகங்களுக்கு அலைந்தார்.

இதன் பொருள் அவர் குறையற்ற உறுப்பினர் என்பதன்று. உடன் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்னர் ஆதரவாளர் கர்னல் கில்பியோடு 1661-இலேயே பிணங்கிக்கொண்டு, இருவரும் சேர்ந்து கடிதம் எழுதும் வழக்கத்தை முறித்தார். 1662-இல் ஹாலந்துக்குச் சென்றவர் அடுத்த ஆண்டு வரை திரும்பவில்லை. அவருடைய இடத்துக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுக்குமாறு ஹல் கோட்டை ஆளுநர் பெலாசிஸ் பிரபு நெருக்கிய பிறகே விரைந்து வந்து சேர்ந்தார். சில மாதங்களில், கார்லைல் பிரபுவின் தூதுக்குழுவோடு ரஷியா, ஸ்வீடன், டென்மார்க் என்று ஒன்றரை ஆண்டுகள் மீண்டும் போய்விட்டார். இரண்டாம் முறை போகும்போது ஊரிடம் சொல்லிக்கொண்டு, இசைவு கேட்டுக்கொண்டு போனார் என்பதுதான் வேறுபாடு.

கடிதங்களின் அடக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அன்று காமன்ஸ் அவையின் நடவடிக்கைகள் இரகசியமானவை. இந்த இரகசியம் தொடக்கத்தில் மக்களுக்கு எதிரானதாக இருக்கவில்லை. உறுப்பினர் பேசியது மன்னரின் காதுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக எழுந்த பாதுகாப்பு அது. 1642 ஜனவரியில் முதலாம் சார்லஸ் படைவீரர்களோடு அவைக்குள்ளேயே நுழைந்து ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய முயன்றதை அறிந்தவர்களுக்கு அந்த அச்சம் விளங்கும். ஆனால், மன்னருக்கு எதிராக எழுப்பிய மதில், நாளடைவில் மக்களுக்கு எதிரான மதிலாகிவிட்டது. இரண்டாம் சார்லஸின் ஆட்சியில் அவையின் உள்விவரங்கள் மன்னருக்கு அவருடைய அமைச்சர்கள் வழியே தெரிந்தன, வாக்களித்தவர்களுக்குத்தான் தெரியவில்லை. 1662-இன் உரிமச் சட்டம் அச்சகங்களைக் கட்டுப்படுத்தியது. 1675 டிசம்பரில், மக்கள் கூடி அரசியல் பேசுகிறார்கள் என்பதற்காகக் காபிக் கடைகளை மூடவே அரசு ஆணையிட்டது. எதிர்ப்பு மிகவே, சில நாள்களில் அதைத் திரும்பப் பெற்றது.

இந்தச் சூழலில்தான் மார்வெல் 1675 அக்டோபரில் ஹல் நகராட்சிக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். தாம் எழுதுவதை ஊராருக்குச் சொல்வதில் தடையில்லை. ஆனால், அது வேறு கைகள் வழியாக லண்டனுக்குத் திரும்பி வந்துவிட வேண்டாம் என்பது அதன் சாரம். நண்பர்களுக்கு எழுதும்போது பேனா சற்று உரிமை எடுத்துக்கொள்ளும், காலமோ நெருக்கடியானது என்று காரணமும் சொன்னார். நகராட்சியில் எல்லோரும் அவர் கருத்தினர் அல்லர் என்பதையும் நாம் சேர்த்துப் படிக்க வேண்டும்.

போர்தோ நகரில் வணிகம் செய்த சகோதரி மகன் வில்லியம் பாப்பிளுக்கு அவர் எழுதியவற்றோடு ஒப்பிட்டால், இந்த அடக்கத்தின் அளவு புலப்படும். திருச்சபைக்கு வெளியே வழிபாட்டுக்குக் கூடுவோரைத் தண்டிக்கும் 1670-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விவரங்களை ஹல் நகருக்கு அவர் செய்தியாகத் தந்தார். பாப்பிளுக்கு எழுதும்போதோ அதே சட்டத்தைக் கொடுங்கோன்மையின் பிழிவு என்ற அளவில் சாடினார். ஊருக்குச் சென்றது தகவல். உறவினருக்குச் சென்றது தீர்ப்பு. பிரதிநிதி ஒருவர் தமக்கு உண்மை என்று தோன்றியதை வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் மட்டுமே சொல்ல முடிகிற நிலை, அந்த ஆட்சியைப் பற்றிய சாட்சியம். கடிதத்தில் சொல்ல முடியாததை அவர் ஏற்கெனவே பெயரில்லாத அங்கதக் கவிதைகளில் சொல்லத் தொடங்கியிருந்தார். 1667-இல் டச்சுக் கடற்படை மெட்வே ஆற்றுக்குள் நுழைந்து அரச கப்பலையே இழுத்துச் சென்ற அவமானத்தையும், அதற்கு முந்திய கூட்டத்தொடரில் வரி விதிப்புக்காக நடந்த பேரங்களையும் பற்றிய நெடுங்கவிதை ஒன்று கையெழுத்துப் படிகளாகச் சுற்றியது. அது அவருடையது என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள்.

1675 நவம்பரில் மன்னர் அவையை 15 மாதங்களுக்கு ஒத்திவைத்தார். 1677 பிப்ரவரியில் அது கூடியபோது, இத்தனை நீண்ட ஒத்திவைப்பு நாடாளுமன்றத்தைக் கலைத்ததற்குச் சமம் என்று வாதிட்ட ஷாஃப்ட்ஸ்பரி உள்ளிட்ட நான்கு பிரபுக்கள் லண்டன் கோபுரச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். 30 போர்க்கப்பல்கள் கட்டுவதற்கு ஏறத்தாழ 6 லட்சம் பவுண்டு ஒதுக்கிய காமன்ஸ் அவை, பிரான்ஸுக்கு எதிராக ஹாலந்தோடு கூட்டணி அமைக்குமாறு மன்னரைக் கேட்டுக்கொண்டது. போரும் சமாதானமும் தம் அதிகாரம் என்று கடிந்துகொண்ட மன்னர், மே மாத இறுதியில் அவையை ஒத்திவைத்தார். உறுப்பினர்கள் பேச எழுந்தபோதே, அவர்களுக்கு இடம் தராமல் அவைத் தலைவர் இருக்கையை விட்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்தக் கூட்டத்தொடரைப் பற்றிய மார்வெலின் அறிக்கை இம்முறை ஹல் நகரோடு நிற்கவில்லை. ஆண்டிறுதியில், இங்கிலாந்தில் போப்பாண்டவர் சமயமும் தான்தோன்றி ஆட்சியும் வளர்ந்து வருவதைப் பற்றிய நூலொன்று ஆசிரியர் பெயரின்றி வெளியாயிற்று. நாட்டின் சட்டவழி ஆட்சியைக் கொடுங்கோலாட்சியாக மாற்ற ஆண்டுக்கணக்கில் சதி நடக்கிறது என்பது அதன் குற்றச்சாட்டு. கத்தோலிக்கர் மீது அக்காலப் புராட்டஸ்டன்டுகளுக்கு இருந்த மிகையான ஐயமும் வெறுப்பும் அதில் நிறைந்திருக்கின்றன. இன்று அப்பகுதிகளைச் சங்கடமின்றிப் படிக்க முடியாது. ஆனால், நூலின் பெரும்பகுதி வேறொன்று. 1677 கூட்டத்தொடரில் நாள்தோறும் நடந்தவை, மன்னரின் உரைகள், அவையின் பதில்கள், கடைசி நாளின் அமளி என யாவும் அதில் வரிசையாகத் தரப்பட்டிருந்தன. அவையில் மூன்றிலொரு பங்கினர் அரசிடம் ஆதாயப் பதவி வகிப்பவர்கள், இன்னொரு பகுதியினர் அத்தகைய பதவிக்குக் காத்திருப்பவர்கள், எஞ்சிய சிலரே நேர்மையாளர்கள் என்ற கணக்கும் இருந்தது. 16 ஆண்டுகளாக ஒரு நகராட்சிக்கு உறையிலிட்டு அனுப்பிய அறிக்கை, இப்போது நாடு முழுவதற்கும் அச்சில் போயிற்று.

1678 மார்ச்சில் அரசிதழில் அறிவிப்பு வெளியானது: நூலை அச்சிட்டவரையோ வெளியிட்டவரையோ காட்டிக்கொடுத்தால் 50 பவுண்டு, அச்சகத்துக்குக் கையெழுத்துப் படியைக் கொண்டுவந்தவரைக் காட்டிக்கொடுத்தால் 100 பவுண்டு. ஆசிரியர் யார் என்று பலரும் ஊகித்திருந்தார்கள். அந்த ஜூனில் பாப்பிளுக்கு எழுதிய கடிதத்தில், தாம் எழுதியிருந்தால் நாடாளுமன்றத்தில் தம்மை விசாரிக்காமல் விட்டிருப்பார்களா என்று வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் மார்வெல் வேடிக்கையாகக் குறிப்பிட்டார். முதலமைச்சராக விளங்கிய டான்பி பிரபு ஆயிரம் பவுண்டோடு அவருடைய மாடி அறைக்கு வந்ததாகவும், நேற்றைய இறைச்சி மிச்சமிருக்கிறது, பணம் வேண்டாம் என்று அவர் திருப்பி அனுப்பியதாகவும் பிற்காலத்தில் ஒரு கதை பரவியது. அதற்கு ஆதாரமில்லை. கதை இல்லாமலேயே அவருடைய நேர்மை நிற்கும்.

1678 ஜூலை 15-ஆம் நாள் கூட்டத்தொடர் முடிந்தது. இம்முறை அவர் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் ஹல் நகருக்கே புறப்பட்டார். அம்மாத இறுதியில் நகர்மன்றத்தாரோடு அமர்ந்து ஊர்க் காரியங்களைப் பற்றி அவர் உரையாடியதை நகராட்சியின் பதிவேடு சில சொற்களில் குறித்து வைத்திருக்கிறது. திரும்பும்போது முறைக்காய்ச்சல் கண்டது. சின்கோனா பட்டை கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்றும், மருத்துவர் அபினி கலந்த மருந்தைக் கொடுத்துவிட்டார் என்றும் பின்னாளில் ஒரு மருத்துவர் எழுதினார். ஆகஸ்டு 16-ஆம் நாள், 57-ஆம் வயதில், லண்டனில் மார்வெல் இறந்தார். அடக்கச் செலவுக்கும் நினைவுக்கல்லுக்கும் ஹல் நகராட்சி 50 பவுண்டு ஒதுக்கியது.

காமன்ஸ் அவை தன் தீர்மானங்களை அச்சிட்டு வெளியிட 1680-இல்தான் உத்தரவிட்டது. உறுப்பினர்களின் பேச்சை வெளியிடத் தடை நீங்க இன்னும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. ஹல் நகராட்சி தனக்கு வந்த கடிதங்களைக் களையாமல் வைத்திருந்தது. 1776-இல் அந்த ஊரைச் சேர்ந்த கடற்படைத் தலைவர் எட்வர்ட் தாம்சன் மார்வெலின் படைப்புகளைப் பதிப்பித்தபோது, அவையும் முதன்முறையாக அச்சுக்கு வந்தன.