உடன்பிறந்த குரல்: செங்கோட்டை கிட்டப்பா

கவிஞன் மறைந்த பின்னும் அவன் கவிதை ஏட்டில் நிற்கிறது. சிற்பி மறைந்த பின்னும் அவன் வடித்த கல் கோயிலில் நிற்கிறது. மேடையில் பாடி நடித்த கலைஞனின் கலையோ, திரை விழுந்த கணமே காற்றோடு கலந்துவிடுகிறது. தமிழ் நாடக மேடையைத் தம் குரலால் ஆண்ட செங்கோட்டை கங்காதர ஐயர் கிட்டப்பாவின் வாழ்வு 27 ஆண்டுகளே. அந்த வாழ்விலிருந்து இன்று காதுக்குக் கிடைப்பவை சில இசைத்தட்டுகள் மட்டுமே. எனினும் அத்தட்டுகளை ஊன்றிக் கேட்போர்க்கு ஒருவரின் குரல் மட்டும் கேட்பதில்லை. அக்குரலை வளர்த்த குடும்பமும் ஆசானும் மேடையும் உடன் வந்து நிற்கின்றன.

சங்கரன்கோவிலிலிருந்து தென்காசி வழியே மேற்கு நோக்கிச் சென்றால் மலையடிவாரத்தில் செங்கோட்டை. வாஞ்சிநாதன் பிறந்த ஊர் அது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு இணைந்திருந்தது. அவ்வூரில் கங்காதர ஐயருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் மகனாக 1906 ஆகஸ்டு 25-ஆம் நாள் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன். வீட்டில் வழங்கிய கிட்டப்பா என்னும் செல்லப் பெயரே பின்னர் நாடறிந்த பெயராயிற்று. பிள்ளைகள் பலர், வருவாய் சிறிது. வறுமை அக்குடும்பத்தின் பிள்ளைகளை நாடகக் குழுக்களை நோக்கி அனுப்பியது. பள்ளிக்குச் சென்றிருக்க வேண்டிய வயதில் கிட்டப்பா அரிதாரம் பூசி மேடையேறினார். எழுத்தறிவுக்கு முன் இசையறிவு வாய்த்த பிள்ளை எனலாம்.

அந்நாளில் நாடகத் தமிழுக்குத் தலைமை ஆசானாக விளங்கியவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். அவர் 1910-இல் தொடங்கிய சமரச சன்மார்க்க நாடக சபையில் பயின்றவர்களுள் கிட்டப்பாவும் ஒருவர். பாடலும் வசனமும் ஒன்றையொன்று தொடர்ந்துவரும் சுவாமிகளின் நாடகங்களில் நடிப்பவன் பாட வல்லவனாக இருந்தே தீர வேண்டும். சொல்லின் சந்தம் சிதையாமலும் பொருள் மறையாமலும் பாடும் பயிற்சியை அப்பள்ளி தந்தது. பிற்காலத்தில் மிக விரைந்த பிருகாக்களுக்கு நடுவிலும் கிட்டப்பாவின் சொற்கள் தெளிவாக ஒலித்ததற்கு இந்த அடித்தளமே காரணம்.

பின்னர் கன்னையா நடத்திய ஸ்ரீ கிருஷ்ண விநோத சபாவில் அவர் சேர்ந்தார். கண்ணைப் பறிக்கும் காட்சியமைப்புகளுக்குப் பெயர்பெற்றது அக்குழு. அதன் தசாவதாரம் முதலிய நாடகங்கள் கிட்டப்பாவின் புகழைத் தமிழகமெங்கும் பரப்பின. ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் மணலில் அமர்ந்திருப்பவனின் காதுக்கும் பாட்டு எட்ட வேண்டும். ஆகவே நாடகப் பாடகர்கள் உயர்ந்த சுருதியையே பற்றினர். அந்த உயரத்தில் பலருடைய குரல் கீச்சிடும். கிட்டப்பாவின் குரல் இனிமை குன்றாமல் இன்னும் மேலே ஏறியது.

அக்குரலுக்குத் துணை நின்றவர் அவருடைய உடன்பிறந்தவரான காசி ஐயர். ஆர்மோனியத்தில் தேர்ந்த கை அவருடையது. நாடக மேடையில் ஆர்மோனியக்காரர் வெறும் பக்கவாத்தியக்காரர் அல்லர். சுருதியைக் காப்பவர், பாடல் எடுத்துக் கொடுப்பவர், நடிகர் மூச்சு வாங்கும் இடைவெளியை நிரப்புபவர். பாடகர் அடுத்து எந்தச் சுரத்தில் தாவுவார் என்பதை முன்னுணரும் ஆற்றல் அவருக்கு வேண்டும். ஒரே வீட்டில் ஒரே தாயின் தாலாட்டைக் கேட்டு வளர்ந்தவர்க்கு அவ்வுணர்வு எளிதில் கைகூடியிருக்கும். முன்னே தம்பட்டமின்றிக் குரல் எழும்ப, நிழல்போல் ஆர்மோனியம் தொடரும் அந்த அமைப்பு கிட்டப்பாவின் நாடகங்களுக்கு உரிய சிறப்பாயிற்று.

1920-களின் நடுப்பகுதியில் கொழும்பில் அவர் வாழ்வு மற்றொரு திருப்பத்தைக் கண்டது. கொடுமுடியிலிருந்து வந்து இலங்கை மேடைகளில் பெரும்பெயர் பெற்றிருந்த கே. பி. சுந்தராம்பாளுடன் இணைந்து நடிக்கும் வாய்ப்பு அங்கே அமைந்தது. இருவரும் உயர்ந்த சுருதிக்காரர். எதிர்ப்பாட்டில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடாதவர். வள்ளி திருமணத்தில் அவர்கள் நிகழ்த்திய பாட்டுப்போர் விடியும் வரை மக்களைக் கொட்டகையில் கட்டிப்போட்டது. கிட்டப்பா முன்னரே மணமானவர். எனினும் 1927-இல் சுந்தராம்பாளை மணந்தார். இல்வாழ்வில் மேடையின் இசைவு நீடிக்கவில்லை. பிரிவுத் துயரில் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் அப்பிணக்குக்கு இன்றும் சான்றாக உள்ளன. நாட்டு விடுதலை வேட்கையில் மட்டும் இருவரும் ஒரு நெறி நின்றனர், கதர் உடுத்தினர், தேசியப் பாடல்களை மேடைக்குக் கொண்டுவந்தனர்.

இக்காலத்தில்தான் கிட்டப்பாவின் குரல் இசைத்தட்டில் ஏறியது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்றரை நிமிடப் பாட்டுக்கே இடம் உண்டு. மேடையில் ஒரு பாடலை அரைமணி நேரம் விரித்துப் பாடியவர், அதன் சாற்றை அந்தச் சிறு பாத்திரத்தில் வடித்துத் தர வேண்டியிருந்தது. தேவாமிர்தவர்ஷிணி இராகத்தில் அமைந்த தியாகராசரின் எவரனி என்னும் கீர்த்தனையை அவர் பாடிய தட்டு, நாடகப் பாட்டென்றால் முகம் சுளித்த சங்கீத அவையினரையும் செவி சாய்க்க வைத்தது. இராமலிங்க அடிகளின் அருட்பாவை விருத்தமாகப் பாடிய தட்டோ பாமரர் நாவில் அடிகளின் சொல்லை ஏற்றியது. கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத் தக்க செய்தி இது: ஏடு படியாதவரிடத்தும் கவிதையைச் சேர்த்தது அக்குரல்.

1933-இல் உடல் நலிவுற்ற கிட்டப்பா அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலமானார். தமிழில் பேசும்படம் தோன்றி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் படம் எதிலும் நடிக்கவில்லை. ஆதலால் அவர் நடந்ததையும் திரும்பியதையும் கையுயர்த்தியதையும் காட்டும் அசையும் படம் ஒன்றுகூட இல்லை. அப்போது 25 வயதே நிரம்பியிருந்த சுந்தராம்பாள் வெள்ளாடை பூண்டார். எந்த ஆணுடனும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். 1935-இல் ஒரு இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்று நடித்த நந்தனார் படத்திலும் ஆண் வேடமே ஏற்றார். 1953-இல் ஔவையாராகத் தமிழர் உள்ளத்தில் நிலைத்தார். 1980-இல் மறையும் வரை அத்துறவு மாறவில்லை.

உடன்பிறந்தார்க்கும் துணைவிக்கும் இரசிகர்க்கும் எஞ்சியவை அத்தட்டுகளே. கோயில் திருவிழாக்களிலும் திருமண வீடுகளிலும் அவை திரும்பத் திரும்பச் சுழன்றன. கிராமபோனின் எஃகு ஊசி ஒவ்வொரு முறை ஓடும்போதும் தட்டின் வரியைச் சிறிது தேய்த்துவிடும். ஆகவே அதிகம் விரும்பப்பட்ட தட்டே விரைவில் அழிந்தது, அன்பே தேய்மானமாயிற்று. பின்னர் வானொலியும் திரைப்பாட்டும் வந்தபோது எஞ்சிய தட்டுகள் பரணுக்கு ஏறின. சில கீறின, சில உடைந்தன. சேகரிப்பாளர் சிலரின் விடாமுயற்சியால் பிழைத்தவை ஒலிநாடாவுக்கும் பின்னர்க் கணினிக்கும் மாறின.

அவ்வாறு மீண்ட ஒரு தட்டைக் கேட்கும்போது முதலில் செவியில் விழுவது ஊசியின் இரைச்சல். சிறிது பொறுத்தால் அவ்விரைச்சலைப் பிளந்து குரல் எழும். இரண்டாம் முறை கேட்டால் குரலுக்கு அடியில் ஓடும் ஆர்மோனியம் புலப்படும். மூன்றாம் முறை, பாடகர் மூச்சு வாங்கும் நொடியில் அந்த ஆர்மோனியம் எவ்வாறு அவரைத் தாங்குகிறது என்பது விளங்கும். சங்கரநாராயணர் திருமேனியில் இரு தெய்வங்கள் ஓருருவாய் நிற்பதைக் கண்டு தொழும் இவ்வூரார்க்கு, குரலும் கருவியும் ஒரே வரியில் பிரிக்க இயலாதபடி கலந்து நிற்பதன் அருமையைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. பாடியவரின் பெயர் உலகுக்குத் தெரியும். அவரைத் தாங்கியவரின் பெயரை நினைவிற் கொள்வது கேட்பவரின் கடமை.

செங்கோட்டையும் சங்கரன்கோவிலும் இன்று தென்காசி மாவட்டம் என்னும் ஒரே நிருவாகத்தின் கீழ் உள்ளன. இவ்வட்டாரத்துப் பழைய வீடுகளின் பரண்களிலும் மரப்பெட்டிகளிலும் அரக்குத் தட்டுகள் இன்னும் உறங்கக்கூடும். அவற்றைத் துடைத்து, நட்டுக்கு நிறுத்திவைத்து, மேலொட்டிய தாளில் உள்ள பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டு, ஊசி படுமுன் வல்லுநரிடம் சேர்ப்பித்தால் மற்றொரு மூன்றரை நிமிடம் மீளக்கூடும். ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக நடந்த உ. வே. சாமிநாதையரின் மரபில் வந்த தமிழ்ச் சமூகத்துக்கு, ஒலிச்சுவடி தேடும் பணி புதிதன்று. அதே பணியின் தொடர்ச்சியே.