நடேசய்யர்: நிவாரணம் எட்டாத மக்களின் குரல்

கலஹாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு 1930களின் பொருளாதார மந்தம் இரட்டை அடியாக விழுந்தது. அக்காலத்தை அறிய கோ. நடேசய்யரின் வாழ்வே நல்ல வழி.

1887இல் தஞ்சாவூரில் பிறந்த அவர், வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்தில் சென்றார். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவுடன் தொழிற்சங்கப் பணி செய்தார். குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியதும் பிரிந்தார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்தார். மனைவி மீனாட்சி அம்மை பாடல்களால் மக்களைத் திரட்டினார்.

தேயிலை விலை சரிந்ததும், 1933இல் ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்து தோட்ட உரிமையாளரைக் காத்தது. தொழிலாளருக்கு வந்தது சம்பள வெட்டும், இந்தியாவுக்கு இலவசப் பயணமும்தான். 1929இல் மலைநாட்டு ஆணுக்கு நிர்ணயிக்கப்பட்ட 54 சத நாட்சம்பளமும் தப்பவில்லை. நிலமற்றோருக்கு முடிக்குரிய காணி தரும் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'இலங்கையர்' என்ற வரையறை அவர்களில் பெரும்பாலோரை வெளியே நிறுத்தியது. 1939இல் அரச திணைக்களங்களின் இந்திய நாட்கூலிகள் வேலை நீக்கப்பட்டனர்.

1936 முதல் அரசாங்க சபையில் ஹட்டனின் உறுப்பினராக நடேசய்யர் இம்மக்களுக்காகப் பேசினார். 1940 ஜனவரியில், கலஹாவை அடுத்த ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தின்போது கோவிந்தன் பொலிஸாரால் சுட்டுக்கொல்லப்பட்டார்.

1947இல் நடேசய்யர் மறைந்தார். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. பின்னர் இனவன்முறைக்குத் தப்பி வன்னிக்கு வந்து, அங்கும் போரைச் சுமந்த பல குடும்பங்களின் கதை இந்த லயன்களில்தான் தொடங்குகிறது.