பனியில் போட்ட கணக்கு: லீஸ மைட்னர்

தம்பி தங்கைகளே, ஐந்தாம் படிவத்தில் இயற்பியல் எடுத்தவர்களுக்கு ஐன்ஸ்டீன் சூத்திரம் அத்துப்படி. பொருண்மையை ஒளியின் வேகத்தால் பெருக்கு, வந்த விடையை அதே வேகத்தால் இன்னொரு தடவை பெருக்கு. அதுதான் அந்தப் பொருளுக்குள் இருக்கும் ஆற்றல். ஒளியோ விநாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுது. அதனால ஒரே ஒரு கிராம் முழுசா ஆற்றலாக மாறினால் 25 மில்லியன் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சரி, அணு பிளக்கும்போது இந்தக் கணக்கு சரியாக வருதுன்னு முதலில் கண்டு சொன்னவர்களில் ஒரு பெண்மணி உண்டு. அவர் பேர் பாடப் புத்தகத்தில் அவ்வளவாக வராது.

லீஸ மைட்னர் 1878-ல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அங்கே அப்போ பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் 14 வயதோடு சரி. தனியாகப் படித்துத் தேர்வெழுதி, 1906-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷம் பெர்லின் போய், வேதியியலாளர் ஓட்டோ ஹானோடு ஆய்வில் இறங்கினார். பெண்கள் அந்த ஆய்வுக்கூடத்துக்குள் நுழையக் கூடாதாம்! கீழ்த்தளத்தில் இருந்த பழைய தச்சுப்பட்டறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். பல வருஷம் சம்பளமும் இல்லை. 1909-ல் சால்ஸ்பர்க் நகரில் ஐன்ஸ்டீன் உரையை நேரில் கேட்டார். பொருண்மையும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று மாறும் என்ற செய்தி அவர் மனசில் அப்படியே தங்கிவிட்டது.

பிறகு ஹிட்லர் வந்தான். 1938 ஜூலையில், 31 வருஷம் உழைத்த நாட்டை விட்டு, கையில் 10 மார்க் பணத்தோடு ரயிலேறித் தப்பினார். அப்போது வயது 59. கடைசியில் சுவீடன் போய்ச் சேர்ந்தார்.

அந்த டிசம்பரில் ஹானிடமிருந்து கடிதம். யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கினால் பேரியம் வருகிறது, இது எப்படி? யுரேனியத்தில் 92 புரோட்டான், பேரியத்தில் 56தான். ஹானுக்குப் புரியவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்த அக்காள் மகன் ஓட்டோ பிரிஷோடு மைட்னர் பனியில் நடக்கப் போனார். வழியில் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து, துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். நீர்த்துளி மாதிரி அணுக்கரு நீண்டு இரண்டாகப் பிளந்தால், இரண்டு துண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடும். அதற்கு 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேணும். எங்கிருந்து வரும்? இரண்டு துண்டின் பொருண்மையைக் கூட்டிப் பார்த்தால், ஒரு புரோட்டானில் ஐந்தில் ஒரு பங்கு குறையுது. அதை ஒளி வேகத்தால் இரண்டு தடவை பெருக்கினார்கள். அதே 200 மில்லியன்!

1944-க்கான வேதியியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போனது. இது அநியாயம்தான், வேற வார்த்தை இல்லை. அணுகுண்டு வேலைக்குக் கூப்பிட்டபோது மைட்னர் முடியாது என்று சொல்லிவிட்டார்.

1968-ல் கேம்பிரிட்ஜில் காலமானார். 1997-ல் 109-ஆம் தனிமத்துக்கு மைட்னேரியம் என்று பேர் வைத்தார்கள். தனிம அட்டவணையில் ஹான் பேரில் ஒன்றும் இல்லை.