100-ஐத் தாண்டிய முதல் கார்... அது எலெக்ட்ரிக் கார்!

ஹைவேயில் 120-ல் பறக்கும்போது பேட்டரி சார்ஜ் மளமளன்னு இறங்குதா? அப்போ கமீல் ஜெனாட்ஸியை நீங்க தெரிஞ்சுக்கணும்.

1868-ல் பெல்ஜியத்தில் பிறந்த இன்ஜினீயர். செந்தாடிக்காரர் என்பதால் பட்டப்பெயர் 'சிவப்புப் பிசாசு'. எலெக்ட்ரிக் வண்டிகள் தயாரிச்ச இவருக்கும், பிரெஞ்சுப் பிரபு ஷஸ்லூ-லோபாவுக்கும் 1899-ல் செம போட்டி. மாறி மாறி சாதனையை உடைச்சாங்க. மார்ச்சில் பிரபு 92.78 கி.மீ வேகத்தைத் தொட்டார்.

ஜெனாட்ஸி அசரலை. காற்றைக் கிழிக்கிற மாதிரி டார்பிடோ வடிவ காரோடு வந்தார். பாரிஸுக்குப் பக்கத்தில் அஷேரில், ஏப்ரல் 29 அன்று 105.88 கி.மீ! மணிக்கு 100 கி.மீ-ஐத் தாண்டிய உலகின் முதல் கார் அதுதான்.

ஏன் டார்பிடோ? வேகம் இரண்டு மடங்கானால், காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 80-லிருந்து 120-க்குப் போனாலே, காற்றைத் தள்ள மட்டும் கிலோமீட்டருக்கு இரண்டேகால் மடங்கு மின்சாரம் வேணும். ஆனா, ஜெனாட்ஸியே பாதி உடம்பு வெளியே தெரிய நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஓட்டினார். காற்று சும்மா விடுமா?

அப்புறம் பெட்ரோல் காருக்கு மாறி, 1903-ல் அயர்லாந்தில் கார்டன் பென்னட் கோப்பையை ஜெயிச்சார். 1913-ல் வேட்டைக்குப் போன இடத்தில், விளையாட்டாகப் புதருக்குள் ஒளிந்து மிருகம் மாதிரி கத்த, நிஜம்னு நம்பிய நண்பரின் குண்டுக்குப் பலியானார்.

அன்றைய சாதனைக்கு ஒரு கிலோமீட்டர் பறந்தால் போதும். உங்களுக்கு ஊர் போய்ச் சேரணுமே! அடுத்த முறை 90-லேயே போய்ப் பாருங்க.