ஜானகி அம்மாளும் விருத்தாசலத்துப் பயிர்களும்

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான்தான் நினைவுக்கு வரும். செராமிக் தொழிற்பேட்டையும் சூளைகளும் இவ்வூருக்குத் தேடித்தந்த பெயர் அது. ஆனால், தமிழ்நாட்டு உழவர்களுக்கு இவ்வூர் வேறொரு காரணத்தால் அறிமுகம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இங்கிருந்து வெளியிட்ட நிலக்கடலை, முந்திரி ரகங்கள் ஊர்ப் பெயரைச் சுருக்கி வி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளைத் தாங்கியே வயலுக்குச் செல்கின்றன. ஒரு ரகத்தை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய, முன்பு இலையின் அகலத்தையும் காயின் மூக்கையும் பார்த்தார்கள். இன்று ஓர் இளம் இலைத்துண்டிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அதன் எழுத்து வரிசையில் எங்கெங்கு வேறுபாடு உள்ளது என்று பார்த்துவிட முடிகிறது.

டி.என்.ஏ.வின் அமைப்பு உலகுக்குத் தெரியவந்தது 1953இல். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, பயிர்களுக்குள் மறைந்திருக்கும் மரபு வேறுபாட்டை நுண்ணோக்கியின் வழியே படிக்கத் தொடங்கிய ஒருவர் கோயம்புத்தூரில் பணியாற்றினார். சென்னைக்கு அருகே மதுரவாயலில் மறைந்தார். இ.கே. ஜானகி அம்மாள் என்னும் அந்தத் தாவரவியலாளரின் பெயர் கேரளத்தில் ஒலிக்கும் அளவுக்குத் தமிழ்நாட்டில் ஒலிப்பதில்லை என்பது என் குறை. அவருடைய வாழ்க்கையை இன்று நினைவுகூர்வதற்குக் கடலூர் மாவட்டத்தின் கரும்பும் மல்லாட்டையும் முந்திரியும் போதிய காரணங்கள்.

1897 நவம்பர் 4ஆம் நாள் தலச்சேரியில் பிறந்தார் ஜானகி. தந்தை கிருஷ்ணன் நீதித்துறையில் பணியாற்றியவர். வீட்டில் தோட்டம் வளர்த்து, வட மலபாரின் பறவைகளைக் குறித்துவைத்தவர். பல பிள்ளைகள் நிறைந்த குடும்பம், திய்யா சமூகம். சகோதரிகள் திருமணமாகிச் சென்றபோது, ஜானகி படிப்பைத் தேர்ந்தெடுத்துச் சென்னைக்கு வந்தார். ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். ஆசிய நாட்டுப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை அவரை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச் சென்றது. 1931இல் அங்கு முனைவர் பட்டம் பெற்றார். பெண்கள் கல்லூரிப் படியேறுவதே அரிதாக இருந்த நாட்டிலிருந்து சென்றவர், செல்லியல் அறிஞராகத் திரும்பினார். திருவனந்தபுரத்தில் சில காலம் பேராசிரியராக இருந்துவிட்டு, 1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார்.

அந்த நிலையம் 1912இல் தொடங்கப்பட்டதற்கு ஒரு பின்னணி உண்டு. அன்றைய இந்தியா ஜாவாவிலிருந்து சர்க்கரை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. வட இந்தியக் கரும்பு மெலிந்தது, விளைச்சல் குறைந்தது; தென்னாட்டின் தடித்த இனிப்புக் கரும்போ வடக்கின் குளிரையும் வறட்சியையும் தாங்காது. பார்பர் என்னும் ஆங்கிலேயரும் சேலத்தில் பிறந்த தி.ச. வெங்கட்ராமனும் இனிப்புக் கரும்பையும், ஆற்றங்கரையில் தானாக வளரும் நாணல் வகைக் காட்டுக்கரும்பையும் இணைத்து கோ 205 என்ற ரகத்தை உருவாக்கி, 1918இல் வெளியிட்டார்கள். இனிப்பு ஒரு பக்கத்திலிருந்தும் தாங்கும் திறன் மறுபக்கத்திலிருந்தும் வந்தன. ஆனால், அந்தச் சேர்க்கைக்குள் என்ன நடந்தது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. ஜானகி அம்மாள் ஆற்றிய பணி அதுவே.

அவர் செய்ததை எளிமையாகச் சொல்லலாம். வளரும் வேரின் நுனியை வெட்டி, அதற்குச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, பிரிந்துகொண்டிருக்கும் செல்லுக்குள் தெரியும் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். சொல்வதற்கு எளிதான இந்த வேலை கரும்பில் கண்ணையும் பொறுமையையும் தின்றுவிடும். மனிதச் செல்லில் 46 குரோமோசோம்கள். இனிப்புக் கரும்பில் 80. காட்டுக்கரும்பிலோ இடத்துக்கு இடம் எண்ணிக்கை மாறும். 40இலிருந்து 128 வரை கணக்கிடப்பட்டிருக்கிறது. பார்வைக்கு ஒரே நாணலாகத் தெரிவது உள்ளே வெவ்வேறு மரபுச் சொத்தைச் சுமந்து நிற்கிறது. ஓர் இனத்தின் மதிப்பு அதன் சிறந்த செடியில் மட்டும் இல்லை, அதன் வேறுபாடுகளின் தொகையிலும் இருக்கிறது என்ற பார்வை இத்தகைய எண்ணிக்கைகளிலிருந்தே பிறந்தது. கரும்பைச் சோளத்தோடு இணைத்த கலப்பினங்களை ஆராய்ந்த ஜானகி, மக்காச்சோளத்தோடும் இணைத்துப் பார்த்தார். 1935இல் இந்திய அறிவியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது, சர் சி.வி. ராமன் அக்கழகத்தை நிறுவி ஓராண்டே ஆகியிருந்தது.

அவர் எண்ணியதை இன்றைய டி.என்.ஏ. பகுப்பாய்வு மேலும் நுணுக்கமாகப் படிக்கிறது. இன்றைய கரும்பு ரகங்களின் குரோமோசோம்கள் நூற்றுக்கும் மேல். அவற்றில் 10 முதல் 20 விழுக்காடு மட்டுமே காட்டுக்கரும்பிலிருந்து வந்தவை என்பதை 1990களில் டி.என்.ஏ.வுக்கு நிறமேற்றும் முறை காட்டிக்கொடுத்தது. ஒரு நாற்று உண்மையான கலப்பினமா, தாய்ச்செடி தன் மகரந்தத்தால் தானே ஈன்றதா என்ற பழைய ஐயத்தை இப்போது மரபுக் குறியீடுகளைக் கொண்டு தீர்க்கிறார்கள். கரும்பின் முழு மரபணுத் தொகுதி 2024இல்தான் வெளியானது; கோதுமை, நெல் ஆகியவற்றைவிட இவ்வளவு பின்தங்கியதற்குக் காரணம் கரும்பின் சிக்கல்தான்.

இதில் எங்கள் மாவட்டத்துக்கும் பங்குண்டு. தமிழ்நாட்டு வயல்களை நிறைத்திருக்கும் கோ 86032 ரகத்தின் பெற்றோரில் ஒன்று கோசி 671. அப்பெயரில் உள்ள சி என்னும் எழுத்து கடலூரைக் குறிக்கும். அங்குள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் பிள்ளை அது. இனிப்பில் பெயர்பெற்ற கோசி 671 பின்னாளில் செவ்வழுகல் நோய்க்கு இரையானது. வட இந்தியாவில் பெரும் பரப்பைப் பிடித்த கோ 0238 ரகத்துக்கும் அண்மையில் அதே கதி நேர்ந்தது. ஒரே ரகம் மாநிலம் முழுதும் நிற்கும்போது நோய்க்கிருமி ஒரு பூட்டைத் திறந்தால் போதும், எல்லா வீடுகளும் திறந்துவிடும். அப்போது மாற்றுச் சாவியைத் தேடி ஆய்வாளர்கள் செல்லும் இடம் காட்டுக்கரும்புத் தொகுப்பு. உலகின் இரு பெரும் கரும்புத் தொகுப்புகளுள் ஒன்று அமெரிக்காவின் மயாமியில் இருக்கிறது. மற்றொன்று கோயம்புத்தூர் நிலையத்தின் கிளையாகக் கண்ணூரில், ஜானகி பிறந்த தலச்சேரிக்கு அருகில் இருக்கிறது.

கோயம்புத்தூர் ஆண்டுகள் அவருக்கு இனிமையாக இல்லை. தனித்து வாழும் பெண் என்பதும் பிறந்த சாதியும் அங்கு அவருக்கு இடர்களைத் தந்தன என்று அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1939இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குச் சென்றவரை உலகப் போர் இங்கிலாந்திலேயே நிறுத்திவிட்டது. குண்டு விழுந்த லண்டனில் ஜான் இன்னெஸ் தோட்டக்கலை நிலையத்தில் பணியாற்றினார். சி.டி. டார்லிங்டனுடன் சேர்ந்து அவர் தொகுத்த, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை 1945இல் வெளிவந்தது. உலகின் பயிர்களுக்கெல்லாம் எண்ணிக்கையைத் திரட்டித் தரும் நூல் அது. எனக்குத் தெரிந்த தாவரவியல் பேராசிரியர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு மரியாதை வந்துவிடும்.

பின்னர் விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தில் சேர்ந்தார். அங்கு கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருளைக் கொண்டு செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும் ஆய்வில் ஈடுபட்டார். அவர் மக்னோலியா நாற்றுகளில் இதைச் செய்து பார்த்தார். வெண்மலர் பூக்கும் ஒரு மக்னோலியா இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. பூந்தோட்ட வேலை என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. அதே கோல்ச்சிசின் இல்லாமல் நிலக்கடலை ஆய்வு இவ்வளவு தூரம் வந்திராது.

எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று அழைக்கப்படும் நிலக்கடலை ஒரு விசித்திரமான பயிர். தென் அமெரிக்காவில் தலா 20 குரோமோசோம்கள் கொண்ட இரண்டு காட்டுச் செடிகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் தற்செயலாக இணைந்து, 40 குரோமோசோம்கள் கொண்ட புதுச் செடி ஒன்று பிறந்தது. எண்ணிக்கை மாறிவிட்டதால், அதனால் தன் காட்டு உறவினரோடு மீண்டும் எளிதாகக் கலக்க முடியவில்லை. உலகம் முழுதும் உள்ள நிலக்கடலைகள் காயிலும் கொடியிலும் பல வடிவம் காட்டினாலும், டி.என்.ஏ. அளவில் மிக நெருங்கிய உறவினர்கள். அந்தக் காட்டு மூதாதையரின் மரபணுத் தொகுதிகள் 2016இல் வெளியானபோது இந்த வரலாறு உறுதிப்பட்டது.

வேறுபாடு குறைந்த பயிர் நோய்க்கு எளிதில் பணிந்துவிடும். இலைப்புள்ளியும் துருவும் கொடியை எரிப்பதைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. எதிர்ப்புத்திறன் காட்டுச் செடிகளில் இருந்தது. இரு பக்கத்தின் குரோமோசோம்களையும் ஒத்துப்போகச் செய்து அதைப் பயிருக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. இங்கேதான் கோல்ச்சிசின் கைகொடுத்தது. காட்டு நிலக்கடலை ஒன்றிலிருந்து இவ்வாறு வந்த எதிர்ப்புத்திறன் தார்வாடின் ஜிபிபிடி 4 ரகத்தில் நிலைத்தது. அதிலிருந்து, டி.என்.ஏ. குறியீடுகளின் துணையோடு, நம் திண்டிவனம் தந்த பழம்பெரும் டி.எம்.வி. 2 ரகத்துக்கு அதை மாற்றிக் காட்டியிருக்கிறார்கள் கர்நாடக ஆய்வாளர்கள். எந்த நாற்றுக்குள் அந்தப் பகுதி வந்திருக்கிறது என்பதை நோய் வரும்வரை காத்திராமல் இலைத்துண்டிலேயே கண்டுகொள்ளலாம் என்பதுதான் இம்முறையின் பயன்.

1951இல் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பினார் ஜானகி. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. இந்தியத் தாவரங்களைப் பற்றிய அறிவு லண்டனின் கியூ தோட்டத்து அலமாரிகளில் கிடப்பதை அவர் ஏற்கவில்லை. அந்தந்த நிலத்தில் வாழும் மக்களின் பயன்பாட்டோடு சேர்த்துத் தாவரங்களைப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் வலுவடைந்தது. 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மனிதன் மாற்றிய விதம் குறித்து நடந்த கருத்தரங்குக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர். அங்கு அவர் பேசியது இந்தியாவின் பிழைப்புப் பொருளாதாரத்தைப் பற்றி. குரோமோசோமில் தொடங்கியவர் பழங்குடியினரின் கிழங்குகளுக்கும் காடுகளுக்கும் வந்து சேர்ந்ததைச் சிலர் திசைமாற்றம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வேறுபாட்டை எண்ணியவருக்கு, அதைக் காத்துவருபவர் யார் என்ற கேள்வி வராமல் இருக்காது.

அந்தக் கேள்வி இன்று எங்கள் முந்திரிக்காடுகளில் நிற்கிறது. போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த முந்திரி அயல் மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பது. எனவே, கொட்டையிலிருந்து முளைத்த ஒவ்வொரு மரமும் தனி மரபு கொண்டது. ஒரே தோப்பில் ஒன்று சிறு கொட்டை காய்க்கும், மற்றொன்று பூச்சியைத் தாங்கும், இன்னொன்று பிந்திப் பூக்கும். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் இந்தச் செம்மண் நிலத்தின் பழைய மரங்களை வேரோடு சாய்த்தது. மீண்டும் நடுவோருக்குப் பரிந்துரைக்கப்படுவது வி.ஆர்.ஐ. 3 போன்ற ரகங்களின் ஒட்டுக்கன்றுகள். அவை விரைவில் காய்க்கும், கொட்டையின் தரமும் சீரானது. கடன்பட்ட உழவரை ஒட்டுக்கன்று நடாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால், ஒரு ரகத்தின் ஒட்டுக்கன்றுகள் அனைத்தும் ஒரே மரத்தின் நகல்கள். புயலுக்குத் தப்பிய, கொட்டையில் முளைத்த கிழட்டு மரங்கள் வெட்டப்படுவதற்கு முன், அவற்றின் இலையை எடுத்து டி.என்.ஏ. பதிவு செய்து, வேறுபட்டவை எவை என்று கண்டு, அவற்றிலிருந்து ஒட்டுக் குச்சி எடுத்து ஆராய்ச்சி நிலையத் தோட்டத்தில் நட்டு வைக்கலாம். பெருஞ்செலவு பிடிக்கும் பணி அல்ல இது. இரண்டு பருவத்து வேலை. பிறகு மரம் போனாலும் மரபு போகாது. ஆய்வகத்தில் உள்ள டி.என்.ஏ. பதிவு மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. பதிவிலிருந்து மரத்தை முளைக்கவைக்க முடியாது.

ஜானகி அம்மாளின் கடைசிப் பதினான்கு ஆண்டுகள் சென்னையில் கழிந்தன. 1970இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் ஓய்வுபெற்ற அறிஞராகச் சேர்ந்து, மதுரவாயலில் இருந்த அதன் கள ஆய்வகத்தில் மருந்துச் செடிகளோடு வாழ்ந்தார். 1977இல் பத்மஸ்ரீ வந்தது. அமைதிப் பள்ளத்தாக்கை மூழ்கடிக்கும் நீர்மின் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்தபோது, எண்பது வயதைக் கடந்த அவரும் அதில் சேர்ந்தார். அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் பணியை அந்த வயதில் தொடங்கினார். 1984 பிப்ரவரி 7ஆம் நாள், மதுரவாயல் ஆய்வகத்தில் வேலையில் இருந்தபோதே மறைந்தார். திட்டம் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு கைவிடப்பட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.