அய்யா ஏற்காத கட்டுப்பாடும் அய்யா தந்த கட்டுப்பாடும்





வீடானாலும் ஊரானாலும் நாடானாலும் ஒழுங்கு வேண்டும். ஒழுங்கில்லாத இடத்தில் எளியவனுக்குத்தான் முதல் அடி விழும். ஆனால் அந்த ஒழுங்குக்காக ஒரு மனிதன் தன் பெயரையும் தன் மானத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா? அய்யா வைகுண்டரின் வாழ்விலேயே இதற்கு விடை இருக்கிறது.

1809-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் சீமையின் தென்கோடியில், இன்று சாமித்தோப்பு என்று வழங்கும் ஊரில், பொன்னுமாடனுக்கும் வெயிலாளுக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று ஆசையாய்ப் பெயரிட்டார்கள். ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த பிள்ளைக்கு இப்படி ஒரு பெயரா என்று மேல்சாதியார் எதிர்த்தார்கள். பிள்ளையின் பெயர் முத்துக்குட்டி என்று மாறியது. ஊரில் வம்பு இல்லாமல் போயிற்று. அந்த அமைதிக்கு விலையாகப் போனது ஒரு குழந்தையின் பெயர்.

அன்றைய நாடே அப்படித்தான் அமைதியாக இருந்தது. ஒடுக்கப்பட்ட ஆண் தலைப்பாகை கட்டக் கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. பெண் மார்பை மறைக்கக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. தலைக்கு வரி, பனைக்கு வரி, பனையேறும் ஏணிக்கும் தளைக்கும் வரி. போதாததற்குக் கூலியில்லாத ஊழியம். இத்தனையும் முறை என்றும் வழக்கம் என்றும் சொல்லப்பட்டது. அவனவன் தன் இடத்தில் அடங்கிக் கிடந்ததால் நாடு நன்றாயிருக்கிறது என்று ஆள்வோர் எண்ணினார்கள்.

1833-ஆம் ஆண்டு மாசி மாதம் திருச்செந்தூர்க் கடலுக்குள் சென்றவர், மூன்றாம் நாள் வைகுண்டராய் எழுந்து வந்தார். பூவண்டன்தோப்பில் ஆறு ஆண்டு தவம் இருந்தார். அவரைக் காண எல்லாச் சாதி மக்களும் வந்தார்கள். ஒரே கிணற்று நீரைக் கோரிக் குளித்தார்கள், ஒன்றாய் இருந்து உண்டார்கள். தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கும்படி ஆண்களுக்கு அய்யா சொன்னார்.

இதனால் நாட்டின் அமைதி கெடுகிறது என்று அரசரிடம் முறையீடு போயிற்று. அய்யாவைக் கட்டி இழுத்து, அடித்து, திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். கொடுமைகள் பல செய்தும் அவரைப் பணிய வைக்க முடியவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். தன் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்வதாக ஒப்புக்கொண்டால் போகலாம் என்றார்கள்.

ஒப்பியிருந்தால் அன்றே வெளியே வந்திருக்கலாம். ஊரும் அமைதியாய் இருந்திருக்கும். ஆனால் அவரை நம்பி வந்த மற்ற சாதியார் மறுபடியும் வேலிக்கு அப்பால் நின்றிருப்பார்கள். அய்யா ஒப்பவில்லை, சிறையையே ஏற்றார். நிபந்தனை எதற்கும் கட்டுப்படாமலே பிறகு வெளியே வந்தார். மாசி 19 அன்று திருவனந்தபுரத்திலிருந்து புறப்படும் வாகனப் பவனி இன்றும் அதை நினைவூட்டுகிறது.

அப்படியென்றால் அய்யாவுக்குக் கட்டுப்பாடே ஆகாதா? துவையல் தவசை நினைத்துப் பாருங்கள். எழுநூறு குடும்பத்தாரை வாகைப்பதிக் கடற்கரைக்கும் பிறகு முட்டப்பதிக்கும் அனுப்பினார். நாள்தோறும் மூன்று வேளை குளியல், மூன்று வேளை துணி துவைத்தல், ஒரு வேளை மட்டும் பச்சரிசியும் சிறுபயறும் சேர்ந்த உணவு. திருவிதாங்கூர் அரசு போட்ட கட்டுப்பாட்டைவிட இது உடலுக்குக் கடினமானது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். அரசின் கட்டுப்பாடு சிலருக்கு மட்டும் உரியது, தண்டனைக்குப் பயந்து தாங்கியது, மனிதனைக் குனிய வைத்தது. அய்யாவின் கட்டுப்பாடு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. மக்கள் அதை மனம் விரும்பி ஏற்றார்கள். அழுக்கன் என்று ஏசப்பட்டவன் தூயவனாய் எழுந்து நின்றான்.

பள்ளியறையில் கண்ணாடி வைத்ததும் இதனால்தான். கூட்டமாய்ச் சென்று வணங்கினாலும், கண்ணாடியில் அவரவர் முகம்தான் தெரியும். கூட்டத்தில் எவன் உருவும் அழிந்து போவதில்லை. ஒவ்வொரு உருவிலும் இறைவன் இருக்கிறான்.

1851-ஆம் ஆண்டு வைகாசி 21-இல் அய்யா வைகுண்டம் எழுந்தருளினார். 1859-இல், அடக்கப்பட்ட பெண்கள் மேலாடை அணியலாம் என்று அதே திருவிதாங்கூர் அரசு அறிவிக்க வேண்டி வந்தது. மாற்றவே முடியாத முறை என்று சொன்னது மாறியது. நாடு ஒன்றும் அழிந்துவிடவில்லை.

அன்பு மக்களே! இன்று வீட்டிலும் ஊரிலும் தாங்கலிலும் கட்டுப்பாடுகள் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். ஆனால் ஊர் ஒற்றுமை என்று சொல்லி ஒரு மருமகளின் வாயை அடைத்தாலோ, ஒரு பிள்ளையின் விருப்பத்தை மிதித்தாலோ, ஓர் ஏழையை ஓரத்தில் நிறுத்தினாலோ, அது அய்யா மறுத்த கட்டுப்பாடு. தலைப்பாகை கட்டிக் கண்ணாடி முன் நிற்கும்போது, நம்மால் குனிந்த தலை ஏதேனும் உண்டா என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தத் தலையையும் நிமிரச் செய்வதே அய்யாவுக்குச் செய்யும் பணிவிடை.

அய்யா துணை